ஒரு சாண் ஜன்னல்

வலேனி, 2 நவம்பர் 2001

அர்செனிக்கு,

அக்கா நான்கு வருடம் கழித்து எழுதியிருக்கிறாளே என்று உடனே கண்ணைத் துடைத்துக்கொள்ளாதே. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதற்காக மட்டும்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர்க் கொதிநீர் நிலையத்தை மூடுகிறார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே இடத்தில் வெந்நீர் காய்ச்சி, வீட்டுக்கு வீடு குழாயில் அனுப்பிய காலம் முடிந்தது. போன குளிர்காலமே, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் துணிகூட உலரவில்லை. இப்போது இந்தக் கட்டிடத்தில் எல்லோரும் ஊர்க்குழாயை அறுத்துவிட்டு அவரவர் வீட்டில் கேஸ் பாய்லர் மாட்டுகிறார்கள். இத்தாலியில் கட்டிட வேலை செய்யும் என் வீட்டுக்காரர் கொர்னேல், இடிக்கப்போகிற ஒரு வீட்டிலிருந்து பாய்லர் ஒன்றைக் கழற்றி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். மூன்றாம் மாடி ஃபானே அதை மாட்டித் தருகிறான்.

கேஸ் ஆபீஸில் ஃபைல் போட வேண்டும். அதற்கு லைசென்ஸ் உள்ள ஆளின் கையெழுத்தும் சீலும் வேண்டுமாம். ஃபானேயிடம் லைசென்ஸ் இல்லை. உன்னிடம் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்து வேதியியலில் பத்துக்கு மூன்று வாங்கியவன் நீ. காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடங்களில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, திருப்பி அனுப்பு.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன். உன் குரலோடு அம்மாவின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வருகிறது. ஜனவரிக் குளிர். ரேடியேட்டர் செத்துக் கிடந்தது. அம்மாவுக்கு நெஞ்சில் சளி. அடுப்பில் நாலு பர்னரையும் எரியவிட்டு, ஓவன் கதவைத் திறந்துவைத்து, அந்தச் சமையலறையையாவது சூடாக்கி அங்கே கட்டில் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தேன். நீ திமிசோவாராவிலிருந்து வந்தாய். வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஜன்னலை ஒரு சாண் திறந்தாய். குறுக்குக்காற்று நேரே அம்மாவின் நெஞ்சில் அடித்தது. நான் ஓடிவந்து மூடினேன். நீ கோபித்துக்கொண்டு போனாய். புதன்கிழமை அம்மாவும் போய்விட்டாள். இரண்டு கன்னமும் காய்ச்சலில் சிவந்தபடி போனாள். கையெழுத்துக் கேட்கிறேன் என்பதால் அதை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

செனோவியா


திமிசோவாரா, 9 நவம்பர் 2001

மதிப்பிற்குரிய ஆசிரியை அம்மாள் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாங்கள் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் நானும் பெருக்கல் குறிதான் போட்டிருக்கிறேன், சிவப்பு மையில், பெரிதாக. அப்படிப் போடுவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தது தாங்கள்தான்.

ஃபானே என்றால் யார்? லிஃப்டைச் சரிசெய்கிறேன் என்று போய், பல் டாக்டரம்மாவை இரண்டு மாடிக்கு நடுவில் மூன்று மணி நேரம் தொங்கவிட்டானே, அந்த ஃபானேதானே? அவனை நம்பி வீட்டுக்குள் நெருப்பை விடுகிறீர்கள். நல்லது.

பார்க்காத வேலைக்கு நான் சீல் குத்துவதில்லை. பார்க்காமலே ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கேஸ் பாய்லரில் இரண்டு வகை உண்டு. ஒன்று மூடிய வகை. சுவரைத் துளைத்துப் போகும் குழாய்க்குள் குழாய் வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும், புகையையும் அதே வழியாக வெளியே தள்ளும், உங்கள் வீட்டுக் காற்றைத் தொடவே தொடாது. இன்னொன்று திறந்த வகை. அது வீட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் குடிக்கும். அதற்குப் புகைபோக்கி சுத்தமாக இருக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே வர சுவரில் நிரந்தரமாக ஒரு துவாரமும் இருக்க வேண்டும். இடிக்கிற வீட்டிலிருந்து கழற்றியது என்றால் அது திறந்த வகையாகத்தான் இருக்கும். மூடிய வகையாக இருந்திருந்தால் கழற்றியவனே வைத்துக்கொண்டிருப்பான்.

ஃபானேயிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். புகைபோக்கிக்குள் ஆள் இறங்கியோ விளக்கு விட்டோ பார்த்தானா? புகைக்குழாய் பாய்லரிலிருந்து நேராக மேலே ஏறுகிறதா, அல்லது அக்கார்டியன் பெட்டி மாதிரி மடிந்து மடிந்து போகிறதா? கேஸ் மூட்டுகளைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தானா, லைட்டரைக் காட்டிப் பார்த்தானா? மூன்றாவதற்கு அவன் சிரித்தால், வாசலைக் காட்டுங்கள்.

நானே வந்து மாட்டித் தருவேன். ஆனால் தாங்கள் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாத இடத்துக்கு நான் போவதில்லை.

அம்மா விஷயத்தில் நான் பதில் சொல்லப் போவதில்லை.

பத்துக்கு மூன்று வாங்கிய
அர்செனி


வலேனி, 20 நவம்பர் 2001

அர்செனிக்கு,

உன் சீல் இல்லாமலே எங்கள் வீட்டில் வெந்நீர் வருகிறது. ஃபானேயின் சித்தப்பா மகன் ஒருவனுக்கு லைசென்ஸ் உண்டாம். ஒரு பாட்டில் ப்ளம் சாராயம் வாங்கிக்கொண்டு, படி ஏறக்கூட இல்லாமல், காருக்குள் உட்கார்ந்தபடியே குத்திக் கொடுத்தான். நீ தூக்கிவைத்துப் பேசும் சீலின் மதிப்பு அவ்வளவுதான்.

உன் மூன்று கேள்வியையும் ஃபானேயிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றுக்கும் சிரித்தான். "டீச்சர், உங்க தம்பி என்ன, ராக்கெட்டா விடுறாரு? பாய்லரும்மா இது, வெறும் பாய்லர்!" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாய்லர் நீ சொன்ன திறந்த வகைதான். அதனால் என்ன? இத்தாலியில் அந்த வீட்டுக்காரர்கள் இருபது வருடம் குளித்திருக்கிறார்கள். புகைக்குழாயைப் பழைய சமையலறைப் புகைபோக்கியில் சொருகியிருக்கிறான். வளைந்துதான் போகிறது, நடுவில் அலமாரி இருந்தால் குழாய் பின்னே எப்படிப் போகும்? ஜன்னல்களையும் மாற்றிவிட்டோம். இரட்டைக் கண்ணாடி, பிளாஸ்டிக் சட்டம், ரப்பர் பட்டை. மூடினால் தெருவில் நாய் குரைப்பதுகூடக் கேட்காது. அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன். கோஸ் வேகவைத்தால் இனி மாடிப்படி நாறாது.

ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை. சட்டமாம், சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டான். அதன் வழியாகக் காற்று நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தது. மீருனா உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற இடம் அது. பதினேழு வயசாகியும் என் பெண் தலையை அலசிவிட்டு ஈரத்தோடு வந்து உட்காருகிறாள், பிடரியில் குறுக்குக்காற்று. இன்ஸ்பெக்டர் வந்தார், ஓட்டையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார். அவர் கீழே போய்ச் சேருவதற்குள் ஃபானேயே சொல்லிவிட்டான்: "அவரு போயிட்டாருல்ல, இனிமே எதையாவது வெச்சு அடைச்சுக்குங்க டீச்சர். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நம்ம ஊர்ல யாரு ஓட்டையைத் தெறந்து வெச்சிட்டுக் குடும்பம் நடத்துறா?" அம்மாவின் பச்சைச் சால்வையை மடித்துத் திணித்தேன். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. காற்றால் போனவளின் சால்வை காற்றைத் தடுக்கட்டும்.

வீடு இப்போது அவ்வளவு இதமாக இருக்கிறது. காலையில் கண்ணாடியில் எல்லாம் தண்ணீர் வழிகிறது, அத்தனை சூடு! மீருனாதான் தலைவலி தலைவலி என்கிறாள். ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் பட்ட காற்றின் வேலை அது. பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடுகிறதாம், வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் திரும்ப வருகிறதாம். படிக்கப் பிடிக்காத உன் குணம் அவளுக்கும் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

செனோவியா


தந்தி
திமிசோவாரா, 27 நவம்பர் 2001

பாய்லரை அணை. சால்வையை எடு. ஜன்னலைத் திற. கடிதம் வருகிறது. அர்செனி.


திமிசோவாரா, 27 நவம்பர் 2001
விரைவுத் தபால்

செனோவியா,

காலையிலிருந்து நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் வைத்துவிட்டாய். கடைசித் தடவை "ஜன்னலை" என்று கத்தினேன், அதற்குள் வைத்துவிட்டாய். உங்கள் கேஸ் ஆபீஸுக்கும் போன் செய்தேன். "ஃபைல் சரியாத்தானே சார் இருக்கு, சீல் இருக்கு, இன்ஸ்பெக்டர் கையெழுத்து இருக்கு, அப்புறம் என்ன?" என்றான் அங்கே இருந்த மூளைக்காரன். தீயணைப்புக்காரனிடம் சொன்னேன். "நெருப்பு எங்க எரியுது?" என்று கேட்டான். ரயில் ஏறலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனால், மலையில் பனி விழுந்து பாதை அடைபட்டிருக்கிறது, எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே எழுதுகிறேன். தயவுசெய்து நின்றுகொண்டே படி.

இருபத்தேழு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்த மகா பண்டிதையே, உன் வீட்டில் நீ என்ன செய்துவைத்திருக்கிறாய் என்று உனக்கே தெரியவில்லையா? காற்றைக் குடிக்கும் பாய்லர். காற்று நுழையாத ஜன்னல். வந்துகொண்டிருந்த ஒரே ஓட்டையிலும் சால்வை. இதெல்லாம் போதாதென்று எக்ஸாஸ்ட் ஃபேன். அது உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளின காற்றுக்கு மாற்றுக் காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகத்தான் வரும், பாய்லரின் புகையையும் கூட்டிக்கொண்டு வரும். போதுமான காற்று இல்லாமல் எரிகிற கேஸ் என்ன ஆகும் என்பதை நான் உனக்குச் சொல்லித் தரவேண்டுமா? வாடை இல்லை, நிறம் இல்லை என்று நீதானே கரும்பலகையில் எழுதிப் போட்டாய்? கண்ணாடியில் வழிகிறது சூடு இல்லை. வெளியே போகவேண்டிய புகையில் இருந்த நீராவி அது. வெளியே போனால் சரியாகி வீட்டுக்குள் வந்தால் வருகிற தலைவலிக்குப் படிப்பில் வெறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறாய். த்தூ!

நான் சொன்னால் நம்பமாட்டாய். பரிசோதனை என்றால் நம்புவாயே, அதையாவது செய். முதலில் கேஸ் வாடை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள். பாய்லர் எரியட்டும், வெந்நீர்க் குழாய் திறந்திருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், கதவு ஜன்னல் எல்லாம் நீ வழக்கமாக வைத்திருக்கும்படியே மூடியிருக்கட்டும். பாய்லரின் தலையில், புகைக்குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு வாய் திறந்திருக்கும். அதன் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடி. சுடர் உள்ளே இழுக்கப்பட்டால் நான் முட்டாள், கையெழுத்துப் போட்டே அனுப்புகிறேன். உன் பக்கம் சாய்ந்தால் புகை வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். உடனே பாய்லரை நிறுத்து, ஜன்னலைத் திற, மீருனாவை வெளியே கொண்டு போ. அப்புறம் என்னைத் திட்டு.

அர்செனி


வலேனி, 30 நவம்பர் 2001, பிற்பகல்

அர்செனிக்கு,

உன் தந்தியைத் தபால்காரம்மா மாடிப்படியிலேயே உரக்கப் படித்துக் காட்டிவிட்டாள். "ஜன்னலைத் திற" என்று வந்ததும் இரண்டாம் மாடி முழுவதும் சிரித்தது. நான்கு வருடமாகியும் உனக்கு அந்த ஜன்னல் வியாதி தீரவில்லை. தந்தியைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இன்று ஆண்ட்ரேயி திருநாள். கீழ்வீட்டு அம்மா பேய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஜன்னல் சட்டம் முழுக்கப் பூண்டு தேய்த்திருக்கிறாள். எனக்கும் ஒரு பல் கொண்டுவந்தாள். "ஏம்மா, பேய் வர்றதுக்கு எங்க வீட்ல ஒரு இடுக்குகூட இல்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இந்த இருபத்தோராம் நூற்றாண்டிலும் ஜனங்கள் இப்படி இருக்கிறார்கள்.

இப்போதுதான் உன் விரைவுத் தபாலும் வந்தது. நீ என்னைப் பண்டிதை என்று கேலி செய்ததும் த்தூ என்று எழுதியதும் உன் வளர்ப்பைக் காட்டுகிறது. வளர்த்ததில் பாதி நான் என்பதால் வெட்கப்படுகிறேன். ஆனால் பரிசோதனை என்று எழுதியிருக்கிறாய் பார், அதை நான் விடமாட்டேன். செய்து, அது தோற்றுப்போனதை இந்தக் கடிதத்திலேயே எழுதி அனுப்புகிறேன். அதோடு இந்தப் பேச்சு முடியட்டும்.

சமையலறையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்பில் கோஸ் வேகிறது, ஃபேன் ஓடுகிறது, பாய்லர் உறுமுகிறது. நீ கேட்டபடி எல்லாம் தயார். மேசைக்கு அந்தப் பக்கம் மீருனா. தலை அலசிவிட்டு வந்தவள் பௌதிகப் புத்தகத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டாள். கன்னம் இரண்டும் என்ன சிவப்பு! வீடு சூடாக இருந்தால் பிள்ளைக்கு எப்படிக் களை வந்துவிடுகிறது பார். எனக்கும் லேசாகத் தலை கனக்கிறது, உன் கடிதத்தைப் படித்தால் யாருக்குத்தான் கனக்காது.

இதோ எழுந்து தீப்பெட்டி எடுக்கிறேன்.


1 டிசம்பர், ஆஸ்பத்திரி

முதல் குச்சி என் பக்கம் சாய்ந்தது. என் கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதும் சாய்ந்தது, சாய்ந்து, அணைந்தது. கையில் சூடாகக் காற்று பட்டது. "மீருனா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டேன். அவள் எழவில்லை. போய்த் தோளை உலுக்கினேன். தலை என் கையோடு வந்தது, கண் திறக்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பாய்லரை நிறுத்தினேன். ஜன்னல் கைப்பிடியில் கை வைத்தேன். வைத்தபோது எனக்கு என்ன நினைப்பு வந்தது தெரியுமா? பிள்ளையின் தலை ஈரமாக இருக்கிறதே, காற்றுப் பட்டுவிடுமே என்ற நினைப்பு. அந்த நினைப்புக்காக நான் நின்றேன் அர்செனி. ஒரு நொடியோ இரண்டு நொடியோ. சுடர் சாய்ந்ததை என் கண்ணால் பார்த்த பிறகும் நின்றேன். பிறகு திறந்தேன், அகலமாகத் திறந்தேன். ஈரத் தலையோடு அவளை இழுத்துக்கொண்டு படிக்கட்டில் கிடத்தினேன். பூண்டு தேய்த்த கீழ்வீட்டு அம்மாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். கண் திறந்துவிட்டாள். வாந்தி எடுத்தாள். இன்று காலை என்னை அடையாளம் தெரிந்தது. "ஞாபகம் எல்லாம் திரும்பிவருமா டாக்டர்?" என்று கேட்டேன். "இன்னும் ஒரு அரை மணி நேரம் போயிருந்தா இந்தக் கேள்வியக் கேக்க நீங்களும் இருந்திருக்க மாட்டீங்க" என்றார். சின்னப் பையன், என்னிடம் படித்தவன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

செனோவியா


வலேனி, உன் சமையலறை மேசை, 4 டிசம்பர் 2001

செனோவியா,

பாதை திறந்ததும் வந்துவிட்டேன். சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் வாங்கினேன். என்னைப் பார்த்ததும், "ஜன்னல்காரத் தம்பியா?" என்று கேட்டாள். இந்த ஊரில் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

ஃபானேயின் கைவேலையைக் கழற்றிவிட்டேன். அவன் புகைபோக்கி என்று சொருகிவைத்தது செத்த வழி. உள்ளே செங்கல் உடைசலும் காக்கைக் கூடும் முழங்கை ஆழத்துக்கு இருந்தன. ஃபானேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, எங்க வீட்லயும் இப்படித்தான் இருக்குமோ?" என்று கேட்டுவிட்டு மேலே ஓடினான். ஓடினது நல்லது.

அந்த இடத்தில் மூடிய வகை ஒன்றை மாட்டியிருக்கிறேன். என் வீட்டுக்கென்று வாங்கி, பெட்டி பிரிக்காமல் கிடந்தது. எனக்கு இப்போது அவசரம் இல்லை. வெளிச் சுவரில் புதிதாகத் துளை போட்டு இரட்டைக் குழாயை நேரே வெளியே விட்டிருக்கிறேன், மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி நுனியை லேசாகத் தாழ்த்தி. மூட்டுகளைச் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. இந்த ஊர் லைசென்ஸ்காரர் ஒருவரை அழைத்து, ஏணியில் ஏறிப் பார்க்கவைத்து, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினேன். பார்த்துவிட்டுப் போடுகிற கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள், மேசை டிராயரில் இருக்கிறது.

இந்தப் பாய்லருக்கு வீட்டுக் காற்று வேண்டாம், ஆனால் உன் அடுப்புக்கு வேண்டும். அந்த ஓட்டையை மூடாதே. வலை அடித்து வைத்திருக்கிறேன். கூரைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு டப்பா இருக்கும். புகை கசிந்தால் கத்தும். கத்தினால் அதன் வாயில் துணி திணிக்க மாட்டாய் என்று நம்புகிறேன். உன் விஷயத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சால்வையைத் துவைத்து நாற்காலி முதுகில் போட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கும் வந்தேன். மீருனா விழித்திருந்தாள், பேசினாள். நீ நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாய். எழுப்பவில்லை. எழுப்பினால் சண்டை போடுவாய், ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது.

அர்செனி


வலேனி, 9 டிசம்பர் 2001

அர்செனி,

மீருனா வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு மட்டும் பேச மாட்டேன் என்கிறாள். "தலைவலின்னு நான் சொன்னப்ப நீ என்னம்மா சொன்னே?" என்று ஒரு தடவை கேட்டாள். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் வேறு ஒன்று கேட்கவேண்டும். நேராகப் பதில் சொல்.

நாற்காலியில் கிடந்த சால்வையைப் பார்த்தபடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அதே சமையலறை. நாலு பர்னர், திறந்த ஓவன், இரவும் பகலும் எரிந்தது. அடுப்புக்குப் புகைக்குழாயும் இல்லை. ஜன்னல் இடுக்கிலெல்லாம் நான் பஞ்சு அடைத்து, மேலே காகிதம் ஒட்டியிருந்தேன். சுவரில் தண்ணீர் வழிந்தது. அம்மா தலைவலி என்றாள், நான் சளி என்றேன். தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாள், வயசு என்றேன். கன்னம் சிவந்திருந்தது. போன பிறகும் சிவந்திருந்தது, அந்த வாயு ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் சிவக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "தூங்குற மாதிரியே இருக்காங்க, முகத்துல என்ன களை" என்றார்கள். டாக்டர் நிமோனியா என்று எழுதினார். நான் உன்னைக் காட்டினேன்.

இருபத்தேழு வருடம் அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். பரீட்சையில் கேள்வி கேட்டிருக்கிறேன். உனக்கு மூன்று போட்டேனே, அந்தத் தாளிலும் அந்தக் கேள்வி இருந்தது.

அந்த ஞாயிறு நீ ஜன்னலைத் திறந்தது எதனால் என்று உனக்குத் தெரியும். உனக்கு அன்றைக்கே தெரியும், இல்லையா? ஊரெல்லாம் தாயைக் கொன்றவன் என்று நான் சொல்லித் திரிந்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? என்மேல் இரக்கமா? எனக்கு உன் இரக்கம் வேண்டாம்.

செனோவியா


திமிசோவாரா, 15 டிசம்பர் 2001

அக்கா,

இரக்கமும் இல்லை, மண்ணும் இல்லை.

ஆமாம், தெரியும். கதவைத் திறந்ததுமே தெரிந்தது. பர்னர்கள் மஞ்சளாக எரிந்தன. சுவர் வியர்த்துக் கிடந்தது. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது உலகத்தில் அது ஒன்றுதான். அதனால்தான் வாய் பேசாமல் ஜன்னலிடம் போனேன். நீ ஓடிவந்து மூடினாய். "குழாய் முறுக்குறவனுக்கு மனுச உடம்பப் பத்தி என்னடா தெரியும்?" என்று அம்மா எதிரிலேயே கேட்டாய்.

கார்பன் மோனாக்சைடு. ஒரே சொல். அதை நான் சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய், அது உன் பாடம், உன் பாஷை. நீயே ஓடிப்போய் ஜன்னலைப் பிடுங்கி எறிந்திருப்பாய். நான் சொல்லவில்லை. உன் பாஷையில் உனக்குப் புரியவைக்க என் வீம்பு விடவில்லை. "உன் வேதியியல நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். நீ ஜன்னலை மூடினாய், நான் கதவை மூடினேன். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரயிலிலும் தெரியும். திங்கட்கிழமையும் தெரியும், செவ்வாய்க்கிழமையும் தெரியும். போனை எடுத்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அவளே கூப்பிடட்டும், அவளே மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். புதன்கிழமை நீ கூப்பிட்டாய்.

அதற்கப்புறம் நான்கு வருடமாக நீ என்னை ஏசினாய். காரணம் தப்பு, ஆனால் ஆள் சரி. அதனால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பங்கு உனக்குப் போயிருக்கும், நீ தாங்கமாட்டாய் என்று சில நாள் நினைப்பேன். பொய். மீதிப் பாதி உன்னுடையதுதான் என்று நீ என்னிடம் சொல்லிவிடுவாயே என்று பயம்.

போன மாதம் உன் கடிதத்தில் மீருனாவின் தலைவலியைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்தத் தடவையாவது போனை எடுத்தேன். நாலு தடவை எடுத்தேன். நீ வைத்த ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

மீருனாவிடம் நீயே போய் உட்கார்ந்து பேசு. அவள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே. நம் வீட்டில் அந்த வழக்கம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். வைக்க வேண்டும் என்று தோன்றினால் வை. பதினொன்றுக்குத் திரும்பச் செய்வேன்.

அர்செனி


வலேனி, 23 டிசம்பர் 2001

தம்பி,

போனில் நீ பேசினதைவிட நான் அழுததுதான் அதிகம். அதனால் சொல்ல விட்டுப்போனதை எழுதுகிறேன்.

மீருனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவைப் பற்றியும். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மாமாவ வரச் சொல்லும்மா" என்றாள். ஃபானேயின் வீட்டுப் புகைபோக்கியிலும் கூடு இருந்ததாம். நீ வந்து பார்க்கவேண்டும் என்று என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டான். மாடிப்படியில் எல்லோரும் அவரவர் ஓட்டையிலிருந்து அவரவர் துணியை உருவுகிறார்கள். கீழ்வீட்டு அம்மா உருவினது அவள் புருஷனின் பைஜாமா.

உன் மார்க்கைத் திருத்தமாட்டேன். பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், அந்தக் கேள்விக்கு நீ ஒன்றுமே எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கிறாய். மூன்றுதான்.

கிறிஸ்துமஸுக்குக் கோஸ் இலையில் கறி மடித்து வைத்திருக்கிறேன். உன் பங்கையும் சேர்த்துத்தான் மடித்தேன், வராவிட்டால் கெட்டுப்போகும். அம்மாவின் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுவர் ஓட்டை திறந்திருக்கிறது. ஜன்னலும் ஒரு சாண் திறந்தே இருக்கிறது.

எனக்குச் சளி பிடித்துவிட்டது. எல்லாம் உன்னால்தான்.

அக்கா